பக்கத்துப் புள்ளிகளின் சராசரி

அப்பாவின் தலைத்திவசத்துக்காக 12க்கு 18 அங்குலத்தில் போட்டுக்கொண்டுவந்த படத்தில், வலது கண்ணுக்குக் கீழே, கன்னத்து எலும்பின் மேல், ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. குண்டூசித் தலையைவிடச் சிறியது. ஆனால் முகத்தில் வேறெங்கும் இல்லாத சிவப்பு. அக்காதான் முதலில் பார்த்தாள். "என்னடா இது, அப்பாவுக்கு இந்த இடத்துல ரத்தம் மாதிரி?" என்றாள். அச்சுப் போட்டவன் கோளாறாக இருக்கும் என்று நான் சொன்னேன். அம்மா படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அங்க ஒரு மச்சம் இருந்துச்சேடா அவருக்கு, அதுதான் அப்படி விழுந்திருக்கு" என்றாள்.

இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு வரிசையில் உட்கார்ந்து பார்த்த முகம். அந்த இடத்தில் மச்சம் உண்டா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அக்காவாலும் முடியவில்லை.

படம் 2021 ஜனவரியில், போகியன்று மாலை எடுத்தது. மின்சாரம் போயிருந்தது. எமர்ஜென்ஸி விளக்கு தன் பெயருக்கு மாறாக அன்றைக்கு எரியவில்லை. அம்மா பழைய அரிக்கேன் விளக்கைத் துடைத்து ஏற்றித் திண்ணையில் வைத்திருந்தாள். வெளிச்சம் அப்பாவின் வலப்பக்கம் விழுந்தது. இடப்பக்கம் முழுக்க நிழல். கேமராவை மாடத்தில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 1600இல், அரை விநாடி திறந்து எடுத்தேன். அரை விநாடி அசையாமல் உட்கார இன்றைக்கு யாரையும் கேட்க முடியாது. அப்பா அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் 'அசையாதீங்க' என்ற உத்தரவுக்குப் பழகியவர். கண்கூட இமைக்கவில்லை. அவர் இறந்தது 2022 ஆனியில். இடையில் எடுத்த படங்கள் எல்லாம் கைபேசியில் யார் யாரோ எடுத்தவை. எதிலும் அவர் இல்லை, அவருடைய சட்டைதான் இருக்கிறது.

கேமரா என் கிளையில் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. 12 மெகாபிக்ஸல். இன்றைய கைபேசிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அதை வைத்துக்கொண்டு நான் கலைஞனாகிவிடும் உத்தேசம் எதுவும் எனக்கு இருந்ததில்லை. கவிதையைப் பற்றிப் பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருப்பவனுக்குப் பார்ப்பதற்கென்று வார்த்தை வாசனை படாத ஒரு கருவி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வங்கியில் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த தலைமைக் காசாளர் பேரேடுகள் கையால் எழுதப்பட்ட காலத்தில் வளர்ந்தவர். கணக்கில் விழும் வித்தியாசத்தை ஒரு வியாதியைப்போல வகைபிரிப்பார். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறதா, இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கக்கூடும். 63 என்பதை 36 என்று எழுதியிருப்பாய். வித்தியாசத்தின் சரிபாதித் தொகை எங்காவது இருக்கிறதா, வரவில் எழுதவேண்டியதைப் பற்றில் எழுதியிருப்பாய். இரண்டும் இல்லையென்றால்தான் பணத்தைத் தேடவேண்டும். கணினி எல்லாவற்றையும் தானே நேர்செய்துவிடும் இந்நாளில் இந்த ஞானத்துக்கு வேலை இல்லை. ஆனால் அந்தப் புள்ளியோடு உட்கார்ந்தபோது அவருடைய முறைதான் ஞாபகம் வந்தது. தவறு எங்கே என்று கேட்பதற்கு முன், எந்த ஜாதித் தவறு என்று கேள்.

அச்சில் வந்த கோளாறு இல்லை. கணினித் திரையில் பெரிதாக்கினால் அங்கேயும் புள்ளி இருந்தது. திரையின் கோளாறா? படத்தை நகர்த்திப் பார்த்தேன், புள்ளி கன்னத்தோடு கூடவே நகர்ந்தது. திரையுடையதாக இருந்தால் முகம் நகர்ந்த பிறகும் அது இருந்த இடத்தில் இருக்கவேண்டும். தூசியா? சென்ஸாரின் மேல் உட்காரும் தூசி கறுப்பாக, விளிம்பு கரைந்த திட்டாகத் தெரியும். துவாரத்தைச் சுருக்கினால் கூர்மையாகும், விரித்தால் காணாமல் போகும். சிவப்பாக எரியும் தூசி கிடையாது. பிறகு அந்தக் கேமராவில் எடுத்த பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, குறுக்கே 2217, நெடுக்கே 1409 என்ற அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கோயில் மதிலில், ஒரு வாழைத்தோட்டத்தில், அக்கா மகளின் பட்டுப்பாவாடையில், புள்ளி இருந்தது. பாவாடைச் சிவப்பில் அதை நானே இரண்டு முறை தவறவிட்டேன். நல்ல வெயிலில் எடுத்த படங்களில் இல்லை. கைபேசித் திரை அளவுக்குச் சுருக்கினால் எதிலும் இல்லை. சுருக்கும்போது நாலைந்து புள்ளிகள் சேர்ந்து ஒன்றாகிவிடுவதால் ஒன்றின் கூச்சல் மற்றவற்றில் அடங்கிப் போகிறது. இரண்டரை வருஷம் எங்கள் குடும்பமே அந்தப் படத்தைச் சின்னதாகப் பார்த்துச் சிலாகித்துக்கொண்டிருந்தது.

பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் எலெக்ட்ரானைப் பற்றி எழுதுவதில் ஒரு அசட்டுத் துணிச்சல் இருக்கிறது. இருந்தாலும் இது தெரியாமல் மேலே போக முடியாது. சென்ஸார் என்பது சிலிக்கானில் வரிசையாக வெட்டிய கோடிக்கணக்கான சின்னக் கிணறுகள் என்று வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் விழும்போது சிலிக்கானிலிருந்து எலெக்ட்ரான்கள் விடுபட்டுக் கிணற்றில் சேருகின்றன. எவ்வளவு சேர்ந்தது என்று அளந்தால் எவ்வளவு வெளிச்சம் என்று தெரியும். இந்த அளவையின் முதல் கருவியைப் பெல் ஆய்வகத்தில் 1969இல் வரைந்த பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் ஸாஸன் 1975இல் செய்த முதல் கையடக்கக் கேமராவில் நூற்றுக்கு நூறு, மொத்தம் பத்தாயிரம் புள்ளிகள். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது.

கிணறுகளுக்கு நிறம் தெரியாது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வண்ணக் கண்ணாடி வைத்திருக்கிறது. பாதிக்குப் பச்சை, காலுக்குச் சிவப்பு, காலுக்கு நீலம். 1976இல் பிரைஸ் பேயர் பெயரில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஆக, ஒவ்வொரு புள்ளியும் உண்மையில் பார்ப்பது ஒரே நிறத்தை. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளிடம் கேட்டு நிரப்பிக்கொள்கிறது. நாம் நிறப்படம் என்று பார்ப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அனுமானம். கடன் வாங்கியதை வைத்துக்கொண்டு இவ்வளவு செழிப்பாக வாழ்வது எங்கள் வங்கியில் பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே சாத்தியம் என்று நினைத்திருந்தேன்.

சிலிக்கானில் எலெக்ட்ரானை விடுவிக்க வெளிச்சம்தான் வேண்டும் என்பதில்லை, வெப்பமும் போதும். ஒளியில்லாமலே கிணறு கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. படிகத்தில் நுண்ணிய பழுது உள்ள இடத்தில் இது பல மடங்கு வேகத்தில் நடக்கும். ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு டிகிரி சூடு ஏறினால் கசிவு இரட்டிக்கும். அப்படிப்பட்ட புள்ளி இருட்டிலும் தான் வெளிச்சத்தைக் கண்டதாகச் சாதிக்கும். இதைச் சூட்டுப்புள்ளி என்கிறார்கள். எந்த நிலையிலும் உச்சத்திலேயே நிற்பது சிக்கிக்கொண்ட புள்ளி. எவ்வளவு வெளிச்சம் விழுந்தாலும் வாய் திறக்காதது செத்த புள்ளி. பேச்சுவழக்கில் மூன்றையும் செத்த புள்ளி என்றே சொல்லிவிடுகிறார்கள். உளறுகிறவனையும் செத்துப்போனவனையும் ஒரே பெயரால் அழைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

2023 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோதித்தேன். லென்ஸை மூடி, கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தையும் துணியால் பொத்தி, கேமரா தானாகச் செய்யும் திருத்தங்களை எல்லாம் அணைத்து, 'ரா' கோப்பாகவே இருட்டைப் படமெடுத்தேன். ஐ.எஸ்.ஓ. 100இல் அறுபதில் ஒரு பங்கு விநாடி: ஒன்றுமில்லை. ஐ.எஸ்.ஓ. 1600இல் அரை விநாடி: அந்த ஒரே புள்ளி, சிவப்பு. முப்பது விநாடி: திரை முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள். நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். மூடிய பெட்டிக்குள் ஒரு ஆகாயம். பிறகு வெள்ளைத் தாளை ஃபோகஸ் இல்லாமல் எடுத்தேன். மேல் இடது மூலைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அதுதான் உண்மையில் செத்தது. ஏழு வருஷமாக என்னிடம் இருக்கிற கேமராவில் அதை நான் பார்த்ததே இல்லை. சத்தம் போடுகிறவனைத்தானே நாம் கவனிக்கிறோம்.

பழுதுபார்க்கும் இடத்தில் சென்ஸாரையே மாற்றவேண்டும் என்றார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த தொகைக்கு அதே போல இரண்டு பழைய கேமரா வாங்கலாம். இளைஞன் ஒருவன் மட்டும் நான் கிளம்பும்போது மெதுவாகச் சொன்னான்: "சார், எல்லா கேமராலயும் பேக்டரிலயே இருக்கும் சார். லிஸ்ட் போட்டு மறைச்சித்தான் அனுப்புவாங்க." பெரும்பாலும் உண்மை. இத்தனை லட்சம் கிணறுகளில் பழுதே இல்லாமல் ஒரு சென்ஸார் வெளிவருவது அபூர்வம். விற்பனைக்கு அனுப்புமுன் பழுதான இடங்களின் பட்டியல் ஒன்றைக் கேமராவின் நினைவில் எழுதிவிடுகிறார்கள். படம் எடுக்கும்போதெல்லாம் அந்த இடங்களில் கிடைத்ததைத் தூர எறிந்துவிட்டு, பக்கத்தில் உள்ள அதே நிறப் புள்ளிகளின் சராசரியைப் போட்டு நிரப்பிவிடும். அதற்குப் பின்னால் பழுதாகிறவைதான் நம் கண்ணில் படுகின்றன. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களால், பெட்டியில் சும்மா கிடக்கும் கேமராவில்கூடப் புதிய சூட்டுப்புள்ளிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. ஒலிம்பஸ் போன்ற சிலருடைய கேமராக்களில் இந்தப் பட்டியலைப் புதுப்பிக்க மெனுவிலேயே வழி உண்டு. என்னுடையதில் இல்லை.

ஆக, 'சரிசெய்வது' என்றால் இங்கே ஒரே அர்த்தம்தான். புள்ளி குணமாவதில்லை. அதன் சாட்சியம் செல்லாது என்று எழுதிவைத்துவிட்டு, அண்டை அயலாரைக் கேட்டு அதன் பெயரில் ஒரு வாக்குமூலம் தயாரிக்கிறோம்.

நிஜமாகவே குணப்படுத்தும் வழி ஹப்பிள் தொலைநோக்கியில் இருக்கிறது. அதன் சென்ஸார்கள் உறைநிலைக்கு எவ்வளவோ கீழே குளிர்விக்கப்பட்டு வேலை செய்கின்றன. கதிர்வீச்சால் சூட்டுப்புள்ளிகள் சேர்ந்துகொண்டே போகும். சுமார் மாதத்துக்கு ஒருமுறை குளிர்ச்சியை நிறுத்திச் சாதாரண அறைச் சூட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். புதிதாய்த் தோன்றியவற்றில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடுகிறது. வியாதியைக் காட்டிக்கொடுக்கிற அதே சூடு அங்கே மருந்து. என் கேமராவோ கும்பகோணத்து வெயிலில் எப்போதும் அறைச் சூட்டுக்கு மேலேயே வாழ்கிறது.

எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. கேமராவின் வாயை அடைப்பது ஒன்று, எடுத்த படத்தைத் திருத்துவது மற்றொன்று. முதல் வேலைக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். சென்ஸாரைத் துடைப்பதற்காக உள்கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் ஏற்பாடு மெனுவில் இருக்கும். மின்கலத்தை முழுக்க ஏற்றிக்கொண்டு, லென்ஸைக் கழற்றி அந்த இடத்தில் மூடியைப் போட்டு, அந்த ஏற்பாட்டை இயக்கி ஒரு நிமிஷம் விட்டு அணைக்கவேண்டும். சில கேமராக்கள் அந்த இருட்டில் தம் பட்டியலைத் திருத்திக்கொள்கின்றன என்று உபயோகிப்பவர்கள் சத்தியம் செய்கிறார்கள். மூன்றாம் தடவையில் எனக்குப் பலித்தது. அரை விநாடி இருட்டுப்படத்தில் சிவப்பு இல்லை. அன்று எனக்கு ஏற்பட்ட திருப்தி, தன் கவிதை அச்சில் வந்ததைப் பார்த்தவனுக்குக்கூட இருந்திருக்காது.

அவசரப்பட்டுவிட்டேன் என்று மறுநாள்தான் தெரிந்தது. படத்தைத் திருத்த நேர்மையான வழி, அதே சூட்டில், அதே நேர அளவில் எடுத்த ஓர் இருட்டுப்படத்தைப் படத்திலிருந்து கழிப்பது. அனுமானம் இல்லை, வெறும் கழித்தல். வங்கிக்காரனுக்கு உவப்பான முறை. என்னிடம் இருந்ததோ மே மாத மத்தியானத்து இருட்டு. படம் தை பிறப்பதற்கு முதல்நாள் மாலை. இடையில் பன்னிரண்டு பதின்மூன்று டிகிரி. கசிவு ஏறக்குறைய நாலு மடங்கு. கழித்துப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி போய், அப்பாவின் கன்னத்தில் அதே இடத்தில் ஒரு கரும்புள்ளி வந்தது. அம்மா சொன்ன மச்சம் மாதிரியே இருந்தது. குளிர்சாதன அறையில் புதிதாக ஓர் இருட்டுப்படம் எடுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் கேமரா அந்த இடத்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இனி அங்கே அது என்ன உணர்கிறது என்று எனக்குச் சொல்லாது.

வேறு வழியில்லாமல் கணினி மென்பொருளிடம் விட்டேன். அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகாமல் தனித்து நிற்கும் புள்ளிகளைத் தானாகத் தேடி அழிக்கும் வசதி அதில் இருந்தது. ஒரு நொடி. சிவப்பு போயிற்று. முகம் சுத்தமாக இருந்தது. அக்காவுக்கு அனுப்பினேன். "இப்ப நல்லா இருக்குடா" என்று பதில் வந்தது. எனக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, உறுத்தியது எது என்று கண்டுபிடிக்க இரவு பதினொன்றாகிவிட்டது. அப்பாவின் வலது கண்ணில் இருந்த மினுக்கு இல்லை.

2018இல் அந்தக் கண்ணில் புரை நீக்கி உள்ளே செயற்கை லென்ஸ் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விளக்கு பட்டால் கண்ணுக்குள் சின்னதாக ஒன்று பளிச்சிடும். பேரப்பிள்ளைகளுக்கு அதில் பயமும் வேடிக்கையும் உண்டு. படத்தில் அது ஒரு பிக்ஸல், மிஞ்சிப்போனால் இரண்டு. தனித்து நின்றது, அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே பிழை. இது என் கணினிக்கு மட்டும் நேர்ந்ததில்லை. விண்மீன்களைப் படமெடுப்பவர்கள் சில கேமராக்களை 'நட்சத்திரம் தின்னி' என்றே வைகிறார்கள். நீண்ட நேரத் திறப்பில் ஒரே புள்ளியாக விழும் மங்கலான நட்சத்திரங்களைச் சூட்டுப்புள்ளி என்று நினைத்து அவை விழுங்கிவிடுகின்றன. கூட்டமாக இருக்கும் ஒளி தப்பித்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் நம் இலக்கியப் பத்திரிகைகளைப் பற்றிச் சொல்லத் தோன்றாமல் இல்லை. ஒரு கவிதையில் எது பக்கத்துக் கவிதைகளைப்போல இல்லையோ அதை அச்சுப்பிழை என்று திருத்திவிடும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கே ஒரு கட்டுரையில் அது நடந்திருக்கிறது. ஆனால் உருவகம் இவ்வளவு சுலபமாக வந்து விழும்போது சந்தேகப்படவேண்டும். என் கேமராவின் சிவப்புப் புள்ளியும் தனித்து நின்றதுதான். அது எந்த நட்சத்திரமும் இல்லை, பழுது. தனித்திருப்பதெல்லாம் மேதைமை என்று சொல்லிக்கொண்டு நாம் கொண்டாடிய எத்தனையோ கவிஞர்கள் வெறும் சூட்டுப்புள்ளிகள். புள்ளியை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்துப் பார்க்கவேண்டும். இருட்டிலும் அதே இடத்தில் அதையே சொல்கிறதா என்று. விமர்சனத்தில் அதற்குச் சமமான காரியம் எது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மனசுக்குத் தெம்பு தந்தது உ.வே. சாமிநாதையர்தான். 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அதற்காக எண்ணை இழுத்து மூடி 269ஐ 267 ஆக்கிவிடவில்லை. சுவடியில் சிதைந்த அடிகளுக்குப் புள்ளி வைத்தார். முன்னும் பின்னும் உள்ளதை வைத்து ஒரு சீரை ஊகித்து நிரப்பும் புலமை அவரைவிட யாருக்கு இருந்தது? பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை அவ்வளவு துல்லியமாகப் போடக்கூடியவர், போடவில்லை. எட்டாம் வகுப்பில் அந்தப் புள்ளிகளைப் பார்த்து அச்சாபீஸில் எழுத்து தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் திவசத்துக்கு மாட்டும் படத்தில் புள்ளி வைக்க முடியாது. தானியங்கியை அணைத்துவிட்டு, அந்த ஒரே இடத்தை மட்டும் கையால் நிரப்பினேன். கிணறு ஒன்றுதான் என்றாலும் நிறம் நிரப்பும் கணக்கில் அதன் சிவப்பு சுற்றிலும் சிலுவைபோலக் கசிந்திருந்ததால், 'ரா' கோப்பிலேயே மாற்றவேண்டியிருந்தது. இரண்டு கட்டம் தள்ளியிருந்த நான்கு சிவப்புக் கிணறுகளின் மதிப்பைக் கூட்டி, நாலால் வகுத்து, போட்டேன். கண்ணில் மினுக்கு அப்படியே இருந்தது. அக்கா இதை ஏற்கவில்லை. கண்ணில் ஏதோ கண்ணாடித்துண்டு மாதிரி இருக்கிறது, முன்னே அனுப்பியதுதான் அப்பா மாதிரி இருக்கிறது என்றாள். திருச்சியில் அவள் வீட்டில் அதுதான் மாட்டியிருக்கிறது. ஸ்டுடியோக்காரன் கூடுதலாகக் கன்னத்தையும் கொஞ்சம் வழவழப்பாக்கிக் கொடுத்திருக்கிறான். என்னுடையது ஊரில், அம்மாவிடம்.

மச்சம் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தில் அப்பாவின் முகம் குறுக்கே சுமார் 600 பிக்ஸல். ஒரு சின்ன மச்சம் என்றாலும் ஏழெட்டுப் பிக்ஸல் அகலம் இருக்கவேண்டும். பழுதானது ஒன்று, சுற்றிலும் உள்ளவை எல்லாம் சாதாரணத் தோலைத்தான் காட்டுகின்றன. எனவே வலது கண்ணுக்குக் கீழே மச்சம் இல்லை. மற்ற சாட்சிகள் பிரயோசனப்படவில்லை. 1984இல் எடுத்த கல்யாணப் படத்தில் ஸ்டுடியோக்காரர் நெகடிவின் மேல் பென்சிலால் தீட்டி முகத்தைத் திருத்தியிருக்கிறார். அப்போதைய வழக்கம் அது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே தோல். வாக்காளர் அட்டையிலிருப்பது யாரென்றே தெரியவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லப் போனேன். அவள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். "இந்தப் பக்கம் இல்லடா, அந்தப் பக்கமோ என்னமோ" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

அந்தப் பக்கம் நிழல். அன்றிரவு 'ரா' கோப்பைத் திறந்து இடது கன்னத்தை மட்டும் நாலு மடங்கு வெளிச்சமாக்கிப் பார்த்தேன். நிழலைத் தூக்கினால் இரைச்சலும் கூடவே எழும். தோல் முழுக்க மணல் தூவியதுபோல் ஆயிற்று. கண்ணுக்குக் கீழே, சற்றுக் காதோரமாக, ஐந்தாறு பிக்ஸல் அகலத்துக்கு மற்றதைவிடக் கறுப்பாக ஓர் இடம் இருந்தது. எட்டு மடங்காக்கினேன். இருந்தது. பதினாறு மடங்கில் எல்லா இடமும் அப்படித்தான் இருந்தது.